குடி வேறு, குருதி?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த தாய் ஒருவர் மகளின் அறிக்கையை என் மேசையில் விரித்தார். ஆறு மாதமாக இரும்புச்சத்துக் குளிசை, ஹீமோகுளோபின் 10.8-ஐத் தாண்டவில்லை. "கீரை, ஈரல் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன் மகன்" என்றார்.

ஆய்வுகூடக்காரனின் கண் வேறு எண்ணைத் தேடும். சிவப்பணுவின் சராசரிப் பருமன் 80-க்குக் குறையக் கூடாது; இந்தப் பிள்ளைக்கு 63. அணுக்களின் எண்ணிக்கையோ 55 இலட்சம். இரும்பு வற்றிய உடலில் எண்ணிக்கை பெரும்பாலும் இப்படி நிமிர்ந்து நிற்பதில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சின்னஞ்சிறு வெளிறிய அணுக்கள். சிலவற்றின் நடுவில் பொட்டு வைத்ததுபோல ஒரு சிவப்பு. சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினில் குறையே இல்லை.

ஹீமோகுளோபின் எல்லோருக்கும் ஒரே வார்ப்பு அல்ல. வளர்ந்தவர்களிடம் பெரும்பகுதி 'ஏ' வகை: இரண்டு அல்ஃபா, இரண்டு பீட்டாப் புரதச் சங்கிலிகள். 'ஏ2' 3.5 வீதத்துக்குள் அடங்கும். பீட்டாச் சங்கிலியின் மரபணு ஒன்று சோர்ந்தால் ஏ2 ஏறும். சிலருக்குச் சங்கிலியின் 26ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறி 'ஈ' வகையாகிவிடும். இலங்கையில் அதுவும் உண்டு. எச்.பி.எல்.சி. பரிசோதனை இவற்றைப் பிரித்துக் காட்டும். இந்தப் பிள்ளைக்கு ஏ2 5.2 வீதம். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் காவி, அதாவது பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவள்; நோயாளி அல்ல. தேவையில்லாத குளிசைதான் வீண்.

கலியாணம் பேசியாகிவிட்டதா என்று கேட்டேன். மாப்பிள்ளை தாயின் அண்ணன் மகன். இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்குக் கடும் தலசீமியா வர. மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டிய வாழ்க்கை. மாப்பிள்ளையையும் சோதிக்கச் சொன்னேன்.

"அவன் வேறு குடி, நாங்கள் வேறு குடி. குடி பார்த்துத்தானே பேசினோம்?"

மட்டக்களப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். குடி என்ற குலப் பிரிவு தாய்வழி மட்டும் இறங்கும். மரபணுவுக்கு அந்த ஒழுங்கு தெரியாது; தகப்பன் வழியாகவும் இறங்கும். குடி வேறானாலும் மச்சானுக்கும் மச்சாளுக்கும் பாட்டனும் பாட்டியும் ஒருவர்தானே.

தாய் சற்று யோசித்தார். "என் நாலு பிள்ளைத்தாய்ச்சிக் காலத்திலும் இரத்தம் குறைவென்று குளிசை தந்தார்கள்" என்றவர், சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார்.