அந்த மண்ணைக் கழுவிவிடாதீர்கள்

பழங்காலத் தங்க நகை என்றதும் எல்லாரும் கேட்பது, "எத்தனை கிராம் தேறும்?" என்றுதான். அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் எனக்கு முதலில் வரும் கேள்வி வேறு. எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது?

ஒருமுறை ஒருவர் பழைய தோடு ஒன்றைக் காட்டக் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. "பற்பசை போட்டுத் தேய்த்தேன்" என்றார் பெருமையாக. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மணிகளுக்கு நடுவில் இருந்த மண், கொக்கியில் இருந்த தேய்மானத் தடம் எல்லாம் போய்விட்டன. கொக்கி ஒரு பக்கமாக மெலிந்திருந்தால் அந்தத் தோடு வருடக்கணக்கில் ஒரு காதில் தொங்கியது என்று சொல்லலாம். காகிதம் போல மெல்லிய தகட்டில், துளியும் தேய்மானம் இல்லாமல் இருந்தால், பெரும்பாலும் இறந்தவருக்கென்றே செய்தது. எகிப்தில் தங்கத்தைத் தெய்வங்களின் சதை என்று நம்பினார்கள். அந்நாட்டு மன்னர் துட்டன்காமூனின் விரல்களுக்குப் போட்டிருந்த தங்க உறைகளையும் காலில் இருந்த தங்கச் செருப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அவர் கல்லறையின் சில தங்கப் பொருள்களில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த படலம் இருக்கிறது. இரும்பினால் வந்த நிறம். அழுக்கு என்று தேய்த்தால் போச்சு.

கிடந்த விதம் என்றேன் அல்லவா? ஈராக்கில் 'ஊர்' என்றே பெயர் கொண்ட சுமேரிய நகரத்தில் லியோனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை அகழாய்வு செய்தார். சுமார் 4,500 ஆண்டுப் பழமையான ஒரு சவக்குழியில் 74 பேரின் எலும்புக்கூடுகள், அதில் 68 பேர் பெண்கள். தலையில் பொன்னிலும் வெள்ளியிலும் நாடாக்கள். ஒரே ஒரு பெண்ணின் வெள்ளி நாடா மட்டும் தலையில் இல்லை, சுருட்டியபடியே இடுப்பருகே கிடந்தது. சாவுச் சடங்குக்குத் தாமதமாக வந்தவள், கட்டிக்கொள்ள நேரமில்லாமல் மடியில் செருகியிருப்பாள் என்று வூலி ஊகித்தார். எடை போட்டால் அந்த நாடாவில் ஒன்றும் தேறாது. அதே ஊரில் கிடைத்த அரசி பூஅபியின் பொன் இலைக் கிரீடத்தைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்வது அதுதான்.

பல்கேரியாவின் வர்ணாவில் 1972-ல் வெளிப்பட்ட இடுகாடு இன்னும் பழையது, ஏறக்குறைய 6,500 ஆண்டு. 43-ஆம் கல்லறையில் ஒரு ஆணோடு சுமார் ஒன்றரை கிலோ தங்கம். சரி, பெரிய தலைவர் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் உடலே இல்லாத சில கல்லறைகளில் களிமண் முகம் செய்து, அதற்குத் தங்கம் பூட்டியிருக்கிறார்கள். ஆளைப் புதைக்காமல் நகையை மட்டும் புதைத்தது ஏன்? குழி கலையாமல் கிடைத்ததால்தான் இப்படிக் கேட்கவே முடிகிறது.

கலைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கியில் இருந்த லிடியா என்ற பழங்கால அரசின் புதையல் இருக்கிறது. 1966-ல் திருடர்கள் சமாதி மேட்டைத் தோண்டி அள்ளினார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போன பொருள்கள், வழக்குக்குப் பிறகு 1993-ல் திரும்பின. எந்த நகை யார் உடலில் இருந்தது என்பது திரும்பவில்லை. அதனால், எங்கிருந்து வந்தது என்ற ஆவணம் இல்லாத 'பழங்கால நகை' விலைக்கு வந்தால் வாங்காதீர்கள்.

உங்களுக்கே ஏதாவது கிடைத்தால் எடுக்காமல், அந்த இடத்தைப் போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்றா? வளைந்ததை நிமிர்த்தாமல், ஒட்டிய மண்ணோடு ஒரு டப்பாவில் வையுங்கள். பஞ்சு மட்டும் வேண்டாம், அதன் இழை நுண்ணிய மணிகளில் மாட்டிக்கொள்ளும்.