'சு' யாருடையது?

ஸ்பானிஷ் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: 'சு லிப்ரோ' என்றால் அவனுடைய புத்தகமா, அவளுடையதா, உங்களுடையதா? மூன்றும்தான். அவர்களுடைய புத்தகமும் அதுவே.

அடிப்படை சுலபம். 'மி' என்றால் என், 'து' என்றால் உன், 'நுவெஸ்த்ரோ' என்றால் எங்கள் அல்லது நம். இவை உடையவரைப் பார்த்து மாறுவதில்லை, பொருளைப் பார்த்துத்தான் மாறும். மி காசா என் வீடு, மிஸ் காசாஸ் என் வீடுகள். வீடு அங்கே பெண்பால் என்பதால் ஆண்கள் சொன்னாலும் 'நுவெஸ்த்ரா காசா'தான். 'என்னுடையது' என்று தனித்து நிற்க மீயோ, மீயா.

சரி, 'சு'வுக்கு வருவோம். 'முருகன் தன் மாட்டை விற்றான்' என்றால் மாடு முருகனுடையது. 'முருகன் அவன் மாட்டை விற்றான்' என்றால் வேறு யாருடையதோ என்று தோன்றும். ஸ்பானிஷின் தாய்மொழியான லத்தீனிலும் இப்படி இரண்டு சொற்கள் இருந்தன: 'தன்' என்பதற்கு சூஸ், 'அவன், அவள்' என்பதற்கு எயுஸ். எயுஸ் ஸ்பானிஷுக்கு வந்து சேரவில்லை. அதன் வேலையும், இன்று 'சு' ஆகிவிட்ட சூஸ் தலையில் விழுந்தது. 'அவர்களுடைய' என்பதற்கு லத்தீனில் இருந்த இல்லோரும் என்ற சொல்லைப் பிரெஞ்சும் இத்தாலியமும் காப்பாற்றிக்கொண்டன. இன்றைய ஸ்பானிஷில் அதுவும் இல்லை.

அப்புறம் மரியாதை வந்து சேர்ந்தது. பெரியவர்களை 'வுவெஸ்த்ரா மெர்சேத்', அதாவது 'தங்கள் கருணை' என்று அழைத்தார்கள். நேரில் நிற்பவரிடமே "ஐயா சாப்பிட்டாரா?" என்று நாம் கேட்பதுபோல, வினைச்சொல் படர்க்கையில் வந்தது. அந்த நீளமான அழைப்பு தேய்ந்து தேய்ந்து 17-ஆம் நூற்றாண்டில் 'உஸ்தேத்' ஆனது. சொல் சுருங்கினாலும் படர்க்கை இலக்கணம் போகவில்லை. அதனால்தான் 'உங்கள் புத்தகம்' இன்றும் சு லிப்ரோ! மரியாதையின் தடம் ஓரசைச் சொல்லுக்குள் இத்தனை நூற்றாண்டுகள் பத்திரமாக இருப்பது எனக்கு அலுக்காத அதிசயம். மொழி வரலாற்று ஆய்வுக்குப் பணம் எதற்கு என்பவர்களிடம் நான் முதலில் காட்ட விரும்புவது இதைத்தான்.

குழப்பம் வந்தால் ஸ்பானியர்கள் 'எல் லிப்ரோ தே எயா' (அவளுடைய புத்தகம்), 'எல் லிப்ரோ தே உஸ்தேத்' என்று பிரித்துச் சொல்வார்கள்.

உடலுறுப்புகளுக்கு மட்டும் ஆங்கில வழியில் யோசிக்காதீர்கள். அங்கே 'என் தலை வலிக்கிறது' என்பதில்லை. 'மே துவேலே லா கபேசா', அச்சு அசலாக நம் 'எனக்குத் தலை வலிக்கிறது'தான்.