வானத்திலேயே முடிந்துவிடுவதில்லை

வளைகுடாவிலிருந்து இன்னொரு காணொளி வந்திருக்கிறது. மொட்டை மாடியில் நம் ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக நின்று, தாக்க வரும் ஏவுகணை வானிலேயே இன்னொரு ஏவுகணையால் இடைமறிக்கப்படுவதைக் கைப்பேசியில் பிடிக்கிறார்கள். "அடித்துவிட்டார்கள், இனி பயமில்லை" என்று ஒரு குரல். ஏவுகணைச் சோதனைத் தளத்தில் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றிய எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இடைமறிப்பு ஏவுகணை எதையும் ஆவியாக்குவதில்லை, உடைக்கிறது, அவ்வளவுதான். எரிபொருள் தீர்ந்த பிறகும் ஸ்கட் வகை ஏவுகணை ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அத்தனை உலோகமும் கீழேதான் வர வேண்டும். சில நேரம் வெடிமருந்து இருக்கும் முன்பகுதியான வெடிமுனையே வெடிக்காமல் வந்து விழும். இடைமறிக்கப் போன ஏவுகணையின் பாகங்களும் கூடவே விழும்.

சோதனைப் படங்களைப் பார்த்துத்தான் பலருக்கு இந்தத் தைரியம் வருகிறது. 2006 நவம்பர் 27 அன்று ஒடிசாக் கடற்கரைக்கு அப்பால், இலக்காக நாமே ஏவிய பிருத்வி ஏவுகணை ஒன்றைச் சுமார் 50 கி.மீ. உயரத்தில் நம் இடைமறிப்பு ஏவுகணை தகர்த்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 15 கி.மீ. உயரத்தில் இன்னொரு வெற்றி. துண்டுகள் எங்கே போயின? வங்கக் கடலுக்கு. அதற்காகத்தானே கடலோரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்! விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் முன்னறிவிப்பு கொடுத்து, மீன்பிடி படகுகளை விலக்கி, எந்தத் துண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்ட பிறகே ஏவுவோம். 2024 ஜூலை 24 சோதனைக்காக, ஏவுதளத்தைச் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரைத் தற்காலிகமாக வெளியேற்றினார்கள். ஒரு நகரத்தின் தலைக்கு மேல் போர் நடக்கும்போது இதில் எது சாத்தியம்?

2018 மார்ச் 25 இரவு ரியாத்தை நோக்கி வந்த ஏவுகணைகள் இடைமறிக்கப்பட்டதாகவே சவூதி அரசு அறிவித்தது. ஆனாலும் துண்டுகள் விழுந்து எகிப்தியர் ஒருவர் வீட்டிலேயே இறந்தார். 2022 ஜனவரி 24 அன்று அபுதாபியில் இரண்டு ஏவுகணைகளை வீழ்த்தியபோதும் பல இடங்களில் துண்டுகள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டம்.

தயவுசெய்து கேளுங்கள். அபாயச் சங்கு ஒலித்ததும் உள்ளே போங்கள். மேல்தளம் வேண்டாம், சன்னலோரம் வேண்டவே வேண்டாம். வானில் வெடித்த வெளிச்சம் தெரிந்துவிட்டது என்று உடனே வெளியே வராதீர்கள். கனமான துண்டுகள் முந்தி விழும், மெல்லிய தகடுகள் பல நிமிடம் கழித்தும் விழும். வெளியே வரலாம் என்று அரசு அறிவிக்கட்டும். தகரக் கூரை முகாமில் இருப்பவர்கள், கான்கிரீட் கட்டடம் எது என்று இன்றே மேற்பார்வையாளரிடம் கேட்டுவையுங்கள்.

விழுந்த துண்டைத் தொடாதீர்கள், நினைவுப்பொருள் என்று அறைக்கு எடுத்துவராதீர்கள். விலகிப் போய்க் காவல்துறைக்குச் சொல்லுங்கள். செம்பழுப்புப் புகை தெரிந்தால் புகைக்குள் புகாமல் பக்கவாட்டில் விலகி, காற்று வரும் திசைப் பக்கமாக ஓடுங்கள். சில ஏவுகணைகளில் எரிபொருளை எரிக்க நைட்ரிக் அமிலம் இருக்கும், அந்த நச்சுப் புகை அதிலிருந்து வருவது. அந்தப் புகையைச் சுவாசித்திருந்தால், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போங்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.