ஒரு கட்டு முடிந்ததும் இரண்டு நிமிடம்

திருப்பூரில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு வேறு நாள் கிடைக்காது என்பதால் ஞாயிறு காலையிலும் திறந்து வைத்திருப்பேன். அன்றுதான் கூட்டமே.

அப்படி ஒரு ஞாயிறு, ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்கா ஒருவர் வந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கை வைத்தால் கோலிக்குண்டு போல ஒரு முடிச்சு. இரவில் விரல்கள் மரத்துப்போய் தூக்கம் கலைந்துவிடுகிறதாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். "தீபாவளி ஆர்டர் அப்போ ஆரம்பிச்சதுங்க. வேலை குறைஞ்சதும் ரெஸ்ட் எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

வேலை குறையவே இல்லை. ஒன்றரை ஷிப்ட், பீஸ் ரேட்; தைத்துக் கொடுக்கும் பீஸ் கணக்குக்குத்தான் கூலி. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை. மெஷினில் எப்படி உட்காருவீர்கள் என்று காட்டச் சொன்னேன். தலை குனிந்து, தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி, உடம்பு முன்னால் சாய்ந்தது. சரி, டீ நேரத்தில் எப்படி இருப்பீர்கள் என்றேன். பையிலிருந்து போனை எடுத்தார். அதே குனிவு, அதே தோள். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. கை ஓய்ந்தது, கழுத்து ஓயவில்லை.

தசை சுருங்கித் தளரும்போதுதான் அதற்குள் ரத்தம் நன்றாக ஓடும். நம் தலை நாலைந்து கிலோ எடை. அதைக் குனிந்த நிலையில் தாங்குகிற கழுத்துத் தசை தளரவே முடியாமல் மணிக்கணக்கில் இறுகிக் கிடக்கிறது. முதுகெலும்பின் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுக்கோ (டிஸ்க்), பெரியவர்களான பிறகு உள்ளே ரத்தக் குழாயே கிடையாது. பகலில் உடம்பின் பாரத்தில் நீரை இழக்கும். படுக்கும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் காலையில் எழுந்ததும் நாம் ஒன்றிரண்டு செ.மீ. உயரமாக இருக்கிறோம். ஓய்வை ஒரு சொகுசாக நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். வட்டுக்கு அது சாப்பாட்டு நேரம்.

வலி மட்டுமில்லை. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுகிறார். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல், நடுவில் அரை மணி நேரமாவது இடைவேளை தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. அந்த அரை மணி நேரத்தைக்கூட நம் ஆட்கள் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு மெஷினுக்கு ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. பீஸ் ரேட்டில் ஒவ்வொரு நிமிடமும் காசு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஒரு மாதம் லீவு போடுங்கள் என்று அந்த அக்காவிடம் சொன்னால் நடக்குமா? அதனால் சின்னதாகக் கேட்டேன். தைக்க வந்த துணியில் ஒரு கட்டு முடிந்ததும் பெடலிலிருந்து காலை எடுங்கள். பின்னால் சாய்ந்து, கைகளை மடியில் போட்டு, தோளை இறக்கி, கூரையைப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். மதியம் சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் தரையில் காலை நீட்டிப் படுங்கள்; போன் பையிலேயே இருக்கட்டும். விரல் மரப்புக்கு நரம்பைச் சோதிக்க வேண்டும் என்பதால் டாக்டரிடமும் அனுப்பி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தபோது முடிச்சு கொஞ்சம் இளகியிருந்தது. முதலில் சூப்பர்வைசர் முறைத்தாராம், பீஸ் குறையவில்லை என்றதும் விட்டுவிட்டாராம். ஞாயிறு மட்டும் இன்னும் சரிவரவில்லை. ஒரு வாரத் துணி, வீடு கழுவுவது, மாவு ஆட்டுவது எல்லாம் அவர் தலையில்தான். அடுத்த முறை வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.