பொருள் வரியில் ஏறும் வைரஸ் எச்சரிக்கை

அலுவலகத்திலோ கல்லூரியிலோ மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். சில கடிதங்களின் பொருள் வரி (சப்ஜெக்ட்), அனுப்பியவர் எழுதாத ஒரு சொல்லோடு தொடங்கும். நெளி அடைப்புக்குள் ‘வைரஸ்?’ என்று கேள்விக்குறியோடு இருக்கும். அல்லது மூன்று நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே, சோதிக்கப்படவில்லை என்று பொருள்படும் ‘அன்செக்டு’ என்ற சொல் இருக்கும். முதலாவது மெயில்ஸ்கேனர் என்ற மென்பொருளின் வழக்கம், இரண்டாவது அமாவிஸ் என்ற மென்பொருளின் வழக்கம். இரண்டும் பெறுநரின் அஞ்சல் சர்வரில் அமர்ந்து, கடிதம் பெட்டிக்குள் விழுவதற்கு முன் அதைப் பிரித்துப் பார்ப்பவை.

இன்னொருவர் எழுதிய பொருள் வரியில் ஒரு மென்பொருள் கைவைக்க முடிவதற்குக் காரணம் மின்னஞ்சலின் அமைப்பு. 1982-ல் எஸ்எம்டிபி என்ற அஞ்சல் நெறிமுறை வகுக்கப்பட்டபோது, கடிதம் என்பது வெறும் எழுத்து வரிகளின் அடுக்கு. மேலே அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் ஆகிய தலைப்பு வரிகள், பிறகு ஒரு வெற்று வரி, அதன் கீழே செய்தி. வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ‘நான் இன்னாரிடமிருந்து இந்த நேரத்தில் பெற்றேன்’ என்று ‘ரிசீவ்டு’ வரி ஒன்றை உச்சியில் சேர்க்க வேண்டும் என்பதே விதி. ஒரு வரியைச் சேர்க்கத் தெரிந்த சர்வருக்கு இன்னொரு வரியைத் திருத்துவது பெரிய வேலையே அல்ல.

திருத்துவதற்கு முன் நடக்கும் சோதனைதான் கடினமானது. படம், ஆவணம் போன்ற இணைப்புகள் எழுத்து வரிகளாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன. 1992-ல் வந்த மைம் தரம் இதற்கு பேஸ்64 என்ற முறையைத் தந்தது. கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாகும், ஆகவே இணைப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். சோதனை மென்பொருள் இந்த எழுத்துகளை மறுபடி கோப்பாக்கி, அது ஜிப் என்றால் விரித்து, உள்ளே இன்னொரு ஜிப் இருந்தால் அதையும் விரித்து, கடைசியில் கிடைப்பதை கிளாம்ஏவி போன்ற வைரஸ் எதிர்ப்பு நிரலிடம் கொடுக்கிறது. அந்த நிரல், அறிந்த வைரஸ்களின் பைட் வரிசைகளையும் கணித அடையாளங்களையும் கொண்ட பட்டியலோடு ஒப்பிடுகிறது. இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஐகார் எனப்படும் 68 பைட் சோதனைக் கோப்பு உண்டு. அதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் அதை வைரஸ் என்றே அறிவிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

விரிக்கும் வேலையிலும் பொறி உண்டு. 42 கிலோபைட் மட்டுமே உள்ள ஒரு ஜிப் கோப்பு, முழுதாக விரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்கிறது. அதனால் எத்தனை அடுக்கு வரை, எவ்வளவு அளவு வரை விரிப்பது என்று சர்வர்கள் எல்லை வைத்துக்கொள்கின்றன. அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதைப் பற்றி அவை எதுவும் சொல்ல முடியாது.

எச்சரிக்கையைப் பொருள் வரியில் எழுதுவானேன்? இதற்குப் பதில், தானாகவே பிரதியெடுத்துப் பரவும் ‘புழு’ என்ற வகைத் தீநிரல்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, மைக்ரோசாஃப்டின் அஞ்சல் நிரலான அவுட்லுக்கின் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. ‘இன்னாரிடமிருந்து முக்கியச் செய்தி’ என்று தெரிந்தவரின் பெயரோடு வந்த பொருள் வரியே அதன் தூண்டில். 2000 மே மாதம் பிலிப்பைன்சிலிருந்து கிளம்பிய ஐலவ்யூ புழுவுக்குப் பெயரே அதன் பொருள் வரியிலிருந்து வந்தது. அதன் இணைப்பு, எழுத்துக் கோப்பு போலத் தோன்றும் பெயரின் முடிவில் விபிஎஸ் என்ற நிரல் விகுதியை வைத்திருந்தது. விண்டோஸ் அந்தக் கடைசி விகுதியை மறைத்துவிட்டதால் மக்கள் அதைக் காதல் கடிதமென்று திறந்தார்கள். இணைப்பைத் திறக்கும் முடிவு பொருள் வரியைப் படிக்கும் கணத்தில் எடுக்கப்படுகிறது. அன்று நூறு விதமான அஞ்சல் நிரல்கள் இருந்தன. கடிதத்தைத் திறப்பதற்கு முன்பே எல்லா நிரல்களும் பட்டியலில் காட்டுகிற வரிகள் மிகச் சில, அவற்றில் சர்வர் தன் குறிப்பைச் சேர்க்கக்கூடியது பொருள் வரிதான். தலைப்புப் பகுதியில் தனிக் குறிப்பாக எழுதினால் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆனால் சர்வர் எழுதக்கூடிய இடத்தில் புழுவும் எழுதலாம். 2004-ல் பரவிய நெட்ஸ்கையின் சில வடிவங்கள், பிரபல வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் பெயரைப் போட்டு ‘இணைப்பில் வைரஸ் இல்லை’ என்ற சான்றிதழைச் செய்தியின் அடியில் தாங்களே எழுதிக்கொண்டு வந்தன. ‘ஆபத்து’ என்ற பொய்யான குறியால் விளையும் கேடு சிறியது. ‘சோதிக்கப்பட்டது’ என்ற பொய்யான குறி மிகவும் கொடியது. கடிதத்துக்குள்ளேயே பாதுகாப்புச் சான்று தரும் வழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ‘அன்செக்டு’ குறி. அதே 2004-ல் பேகிள் என்ற புழு, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பாக வந்தது. கடவுச்சொல் செய்தியிலேயே இருந்தது. மனிதர் படித்துத் திறந்துவிடுவார், சர்வரால் முடியாது. சோதனை மென்பொருள்கள் செய்தியிலிருந்து கடவுச்சொல்லைப் பொறுக்கக் கற்றுக்கொண்டதும், பின்னால் வந்த வடிவங்கள் அதைப் படமாக வரைந்து அனுப்பின. ஆக, ‘அன்செக்டு’ என்பதற்கு ஒரே பொருள்தான்: உள்ளே என்ன இருக்கிறதென்று சர்வர் பார்க்கவில்லை. வங்கிக் கணக்கு அறிக்கைகள்கூடக் கடவுச்சொல்லோடு வருவதால் இந்தக் குறியைப் பலர் பழகிப்போய்க் கடந்துவிடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது இதுதான்: பூட்டிய கோப்பும் அதன் திறவுகோலும் ஒரே கடிதத்தில் வந்தால், அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேட்காமல் திறக்காதீர்கள்.

தமிழில் பொருள் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்துகளுக்காகவே அமைந்தவை. மற்ற மொழிகளை 75 எழுத்துகளுக்கு மிகாத குறியீட்டுத் துண்டுகளாக மாற்றி அனுப்ப வேண்டும் என்று 1996-ல் விதி வந்தது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ‘கூ’ போன்ற உயிர்மெய்யில் இரண்டு குறியீடுகள், ஆகவே ஆறு பைட். ‘கூட்ட அழைப்பிதழ்’ என்ற சின்னஞ்சிறு பொருள் 46 பைட். பேஸ்64 ஆக்கி, முன்பின் அடையாளங்களைச் சேர்த்தால் 76 எழுத்து. ஒரே ஓர் எழுத்து மிகுந்து, அது இரண்டு துண்டுகளாக உடைகிறது. எச்சரிக்கைச் சொல்லை இந்தத் துண்டுக்கு முன்னால் ஒட்டும் மென்பொருள் இடையில் ஓர் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால், விதிப்படி நடக்கும் அஞ்சல் நிரல் அதைத் தமிழாக மாற்றாமல், புரியாத எழுத்துக் குவியலாக அப்படியே காட்டிவிடலாம். எழுதியவர்மீது பிழையில்லை.

2007-ல் டிகேஐஎம் என்ற மின்கையொப்பம் தரமானபோது நிலைமை மாறியது. அனுப்பும் சர்வர், செய்தியையும் பொருள் வரி உள்ளிட்ட முக்கியத் தலைப்பு வரிகளையும் கணித முறையில் கையொப்பமிடுகிறது. இது கடித உறையின் அரக்கு முத்திரை போன்றது. உள்ளே ஒரு சொல் மாறினாலும் உடைந்துவிடும். பெறும் சர்வர் முதலில் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு எச்சரிக்கை எழுதினால் தொல்லை இல்லை. கடிதம் அங்கிருந்து இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டால்தான் சிக்கல். கல்லூரி முகவரிக்கு வரும் அஞ்சலை ஜிமெயிலுக்குத் திருப்பும் மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி சர்வர் பொருள் வரியைத் திருத்தியதால் கையொப்பம் பொய்க்கும். கடிதம் கல்லூரியிலிருந்து வருவதால் அனுப்பிய இடமும் பொருந்தாது. ஒழுங்கான கடிதமே எரிதக் (ஸ்பேம்) குவியலில் விழலாம், அல்லது மறுக்கப்படலாம். இடையில் சோதித்த சர்வரின் முடிவையும் சேர்த்து அனுப்பும் ஏஆர்சி முறை 2019-ல் வந்தது இதைச் சமாளிக்கத்தான்.

அதனால் எச்சரிக்கை இப்போது கடிதத்தைவிட்டு வெளியே நகர்ந்துவருகிறது. பெரிய சேவைகள் ஆபத்தான இணைப்பை நேரடியாகத் தடுக்கின்றன, அல்லது கடிதத்தின் மேல் வண்ணப் பட்டையாக எச்சரிக்கின்றன. வெளியாள் அனுப்பியது என்ற அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் 2021-ல் அவுட்லுக்கிலேயே காட்டத் தொடங்கியது. பொருள் வரி தொடப்படுவதில்லை. இப்படிக் காட்டுவதில் இரண்டு பெரிய ஆதாயங்கள். அனுப்புநரின் கை அங்கே எட்டாது. இன்று காலை யாருக்கும் தெரியாத வைரஸ் மாலையில் பட்டியலில் சேர்ந்தால், பட்டையையும் அப்போதே மாற்றலாம். பொருள் வரியில் எழுதியதோ, கடிதம் வந்த நிமிடத்தில் சர்வருக்குத் தெரிந்தது மட்டும்.

பொருள் வரிக் குறிகள் இன்னும் சிறு நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கவே செய்கின்றன. ஒரு குறியை யார் எழுதினார்கள் என்ற ஐயம் வந்தால், அஞ்சல் நிரலில் மூலக் கடிதத்தைக் காட்டும் வசதியைத் திறந்து, தலைப்புப் பகுதியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். உங்கள் நிறுவன சர்வர் முதன்முதலாகச் சேர்த்த ‘ரிசீவ்டு’ வரியைக் கண்டுபிடியுங்கள். அந்த வரிக்குக் கீழே ‘வைரஸ் சோதிக்கப்பட்டது’ என்று என்ன எழுதியிருந்தாலும் அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அது அனுப்பியவர் பக்கத்திலிருந்தே வந்திருக்கலாம்.