மிதக்கும் பனியும் தரைப் பனியும்: ஒரு கேள்வியால் ஒரே மேசைக்கு வந்த ஐந்து ஆசிரியர்கள்

எட்டாம் வகுப்பில் மிதத்தல் விதி நடத்திக்கொண்டிருந்தேன். குவளை நிறையத் தண்ணீர், அதில் மிதக்கும் பனிக்கட்டி, அது உருகினால் தண்ணீர் வழியுமா என்ற வழக்கமான கேள்வி. வழியாது, பனிக்கட்டி தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஏற்கனவே விலக்கிவிட்டது, உருகியதும் அதே இடத்தில்தான் அடங்கும் என்று விளக்கிவிட்டுப் பலகையைத் துடைக்கும்போது ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், நேத்து புவியியல் பீரியட்ல துருவத்துப் பனி உருகினா கடல் மட்டம் உயரும்னு படிச்சோம். அதுவும் மிதக்கிற பனிதானே? இதுல எது சரி?"

இரண்டும் சரி. ஆனால் அந்த நிமிடத்தில் அதைத் தெளிவாகச் சொல்ல என்னால் முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய் புவியியல் ஆசிரியரிடம் கேட்டேன். பாடப்புத்தகத்தில் "துருவப் பனி" என்றுதான் இருக்கிறது, எந்தத் துருவம், எந்தப் பனி என்று நானும் பிரித்துச் சொன்னதில்லை என்றார். பல வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில் நாங்கள் இருவரும் ஒரே பிள்ளைகளுக்கு முரணாகத் தெரியும் இரண்டு செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம், ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரியாமலேயே. அதை ஒட்டிப் பார்க்கும் வேலை முழுக்கப் பிள்ளைகள் தலையில் இருந்திருக்கிறது.

துருவ அறிவியலைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் உடனே புதுப் பாடம், புதுப் புத்தகம், கூடுதல் பாடவேளை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அது பாடத்திட்டத்துக்குள் ஏற்கனவே சிதறிக் கிடக்கிறது. ஆறு மாதப் பகல் புவியியலில், மிதத்தலும் ஒளி எதிரொளிப்பும் இயற்பியலில், ஓசோன் வேதியியலில், பென்குயின் உயிரியலில். கணக்கில் வரைபடம் வரைய எப்படியும் ஏதாவது தரவு வேண்டும். குறைவது ஒன்றுதான், இதையெல்லாம் நடத்துகிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது.

நாங்கள் முதலில் உட்கார்ந்தபோது நான், புவியியல் ஆசிரியர், கணக்கு ஆசிரியர், தமிழாசிரியர் என்று நான்கு பேர். தமிழாசிரியர் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. முதல் முடிச்சை அவிழ்த்தவரே அவர்தான்.

"நம்ம மொழியில பனின்னா எத்தனை பொருள்னு பாருங்க" என்றார். புல்லில் நிற்கும் துளி பனி. காலையில் பார்வையை மறைக்கும் மூட்டமும் பனி. முன்பனிக் காலம், பின்பனிக் காலம் என்று பருவத்துக்கே பெயர். வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, உறைந்து கட்டியானதும் பனி. கடலில் மிதக்கும் ஐஸ்பெர்க்கும் பனிப்பாறை, மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் கிளேசியரும் பல இடங்களில் பனிப்பாறை என்றே எழுதப்படுகிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு விஷயங்களை நடத்தினால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? அன்றைக்கே நான்கு சொற்களை முடிவு செய்தோம். கடல்நீரே உறைந்து மிதப்பது கடற்பனி. தரையின் மேல் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து இறுகிக் கிடப்பது பனிப்படலம். அது நகர்ந்து ஆறு போல இறங்கினால் பனியாறு. அதிலிருந்து உடைந்து கடலில் விழுந்து மிதப்பது பனிப்பாறை. இது அகராதித் தீர்ப்பு இல்லை, எங்கள் பள்ளிக்குள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவதற்கான ஒப்பந்தம், அவ்வளவுதான். பாதிக் குழப்பம் அதிலேயே போய்விட்டது. இந்த வேலையில் இறங்க நினைக்கும் எவரும் பரிசோதனைக்கு முன்னால் சொற்களில் தொடங்குங்கள் என்பேன்.

அப்புறம் புவியியல் ஆசிரியர் உலக உருண்டையை எடுத்துவந்து இரண்டு துருவங்களையும் காட்டினார். வட துருவத்தில் இருப்பது கடல், அதைச் சுற்றி நிலம். தென் துருவத்தில் இருப்பது நிலம், அதைச் சுற்றிக் கடல். வட துருவத்தில் நிற்பவரின் காலடியில் சில மீட்டர் கடற்பனி, அதற்குக் கீழே 4 கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கடல். அண்டார்டிகாவிலோ ஒரு கண்டத்தின் மேல் சராசரியாக 2 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்த பனிப்படலம். வடக்கில் இது போலத் தரைமேல் பெரிதாகக் கிடப்பது கிரீன்லாந்தில். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளை பனிக்கரடியையும் பென்குயினையும் ஒரே படத்தில் வரைவதை நிறுத்திவிடுகிறது.

பரிசோதனை எளிது என்றாலும் நாங்கள் முதல் தடவை கோட்டைவிட்டோம். இரண்டு பீக்கர். ஒன்றில் தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டி. இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு கல், அதன் மேல் பனிக்கட்டி. இரண்டிலும் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்துவிட்டு உருகும்வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் மிதக்கும் பீக்கரில் கட்டியை அதிகமாகப் போட்டுவிட்டதால் அவை அடியில் தட்டி நின்றுவிட்டன, மிதக்கவில்லை. உருகியபோது மட்டம் ஏறியது, பிள்ளைகள் நாங்கள் சொன்னதற்கு நேர்மாறாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே கட்டி தரையைத் தொடாமல் மிதக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டி ஒரு பாடவேளைக்குள் உருகாது, சின்னதாக உடைத்துப் போடுங்கள். கோடு போடுவது பனிக்கட்டியை வைத்த பிறகு, முன்னால் இல்லை. இரண்டாவது தடவை மிதக்கும் பீக்கரில் மட்டம் அசையவில்லை, கல்லின் மேல் இருந்த பனி உருகி மற்றதில் ஏறியது. அந்த மாணவி தானே வந்து குனிந்து பார்த்து, "அப்போ கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் கல்லு மேல இருக்கிற பனி" என்றாள். பாடம் அங்கேயே முடிந்துவிட்டது, நான் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கணக்கு ஆசிரியர் நடத்திய வகுப்பு. அண்டார்டிகாவில் இருக்கும் பனி சுமார் 2.7 கோடி கன கிலோமீட்டர், உலகக் கடல்களின் பரப்பு சுமார் 36 கோடி சதுர கிலோமீட்டர், அவ்வளவு பனியும் உருகினால் கடல் எவ்வளவு உயரும் என்று கேட்டார். வகுத்தால் 75 மீட்டர் வருகிறது. விஞ்ஞானிகள் சொல்வது சுமார் 58 மீட்டர். எங்கே போனது மீதி 17 மீட்டர்? பிள்ளைகளை அதைத் தேட விட்டார். பனி தண்ணீரைவிட லேசு, உருகினால் கன அளவு குறையும் என்று ஒரு பையன் கண்டுபிடித்து 0.92-ஆல் பெருக்கினான், 69 ஆனது. இன்னும் 11 மீட்டர். புவியியல் ஆசிரியரைக் கூப்பிட்டார்கள். அண்டார்டிகாவின் மேற்குப் பகுதியில் பனிப்படலத்தின் அடிப்பாறை பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, அங்கே கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள பனி உருகினாலும் அந்தப் பள்ளத்தையே பெரும்பாலும் நிரப்பும், அதனால் கடலை உயர்த்தாது என்றார். ஒரு வகுத்தல் கணக்கு அடர்த்திக்கும், அடர்த்தி அடிப்பாறைக்கும் போன இந்த ஒரு மணி நேரத்தை எந்தத் தனி ஆசிரியராலும் நடத்தியிருக்க முடியாது.

அப்படியானால் மிதக்கும் கடற்பனி போனால் கவலை இல்லையா? இதையும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வானத்திலிருந்து விழுந்த வெண்பனி மூடிய கடற்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், கருமையான திறந்த கடல் பத்தில் ஒரு பங்குகூட அனுப்பாது. பனி குறையக் குறையக் கடல் சூடாகும், சூடாகச் சூடாகப் பனி இன்னும் குறையும். இதை வகுப்பில் காட்ட வெள்ளைத் தாள், கறுப்புத் தாள், இரண்டு வெப்பமானி, ஒரு விளக்கு இருந்தால் போதும்.

ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பைச் செயற்கைக்கோள்கள் 1979 முதல் தொடர்ந்து அளந்துவருகின்றன, அந்தத் தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செப்டம்பரில் பனி மிகக் குறைவாக இருக்கும். 1980களில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டராக இருந்தது 2012-இல் சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. பிள்ளைகளே புள்ளி வைத்து வரைந்தார்கள். 2013-இல் மறுபடி சுமார் 50 லட்சம். "கூடிடுச்சே, சரியாயிடுச்சா?" என்ற கேள்வி வரும். வரட்டும். ஒரு வருட ஏற்ற இறக்கம் வேறு, பல வருடங்களின் போக்கு வேறு என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கணக்குப் பாடத்தில் கிடைக்காது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது பிள்ளைகளைவிட ஆசிரியர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஓசோனில் ஓட்டை விழுந்து அதன் வழியாக வெப்பம் இறங்கிப் பனி உருகுகிறது என்ற கதை. இது தவறு. ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. பூமி சூடாவதற்கு முதல் காரணம் கார்பன் டைஆக்சைடு போன்ற வாயுக்கள் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்துவைப்பது. இரண்டும் வேறு வேறு கதைகள், இரண்டிலும் அண்டார்டிகா வருவதால் கலந்துவிட்டன. எங்கள் வேதியியல் ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டுத்தான் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தார்.

அவர் வந்தது இன்னொரு வகையில் எங்களைக் காப்பாற்றியது. 58 மீட்டர் கணக்கு நடந்த மறுநாள் ஒரு சிறுவன் இரவெல்லாம் தூங்கவில்லை என்று அவன் அம்மா வந்து சொன்னார். அது எங்கள் தவறு. எண்ணைச் சொன்னோம், அதன் காலத்தைச் சொல்லவில்லை. அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும், இந்த நூற்றாண்டில் பேசப்படுவது அதில் மிகச் சிறு பகுதி, அந்தச் சிறு பகுதியே கடலோர மக்களுக்குப் பெரிய விஷயம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வேதியியல் ஆசிரியர் அடுத்த வகுப்பில் ஓசோன் கதையை முழுதாகச் சொன்னார். அண்டார்டிகாவில் உள்ள ஹாலி ஆய்வு நிலையத்தில் பல பத்தாண்டுகள் பொறுமையாக அளந்து வைத்த ஓசோன் அளவுகளை வைத்து, அங்கே ஓசோன் பெரிதும் குறைந்துவிட்டது என்று ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1985-இல் கட்டுரை வெளியிட்டார்கள். 1987-இல் ஓசோனைக் காக்க நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட மாண்ட்ரீல் உடன்படிக்கை. ஓசோனை அழிக்கும் குளோரோஃபுளோரோகார்பன்கள் என்ற வேதிப்பொருள்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன, ஓசோன் படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. அந்தச் சிறுவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த பிறகு, பயமுறுத்தும் எண்ணைச் சொல்லும் வகுப்பிலேயே மனிதர்கள் செய்து முடித்த ஒன்றையும் சொல்வது என்று எங்களுக்குள் விதி வைத்துக்கொண்டோம்.

இதையெல்லாம் நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று நினைத்திருந்தால் அது அறியாமை. 2007-08 சர்வதேசத் துருவ ஆண்டில் அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள், அதில் கல்விக்கும் இடம் இருந்தது. அந்த உறவு விட்டுப்போகக் கூடாது என்று ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் 2012-இல் தொடங்கியதுதான் போலார் எஜுகேட்டர்ஸ் இன்டர்நேஷனல். இளம் துருவ ஆய்வாளர்களுக்கு அபெக்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அமெரிக்காவில் போலார்ட்ரெக் என்ற திட்டம் ஆசிரியர்களை ஆய்வுக் குழுவோடு துருவத்துக்கே அனுப்பியது. நாம் போக முடியாவிட்டாலும், போன ஆசிரியர்கள் எழுதியதும் உருவாக்கிய பாடத் திட்டங்களும் நமக்குப் பயன்படும்.

ஆய்வாளரை வகுப்புக்கு அழைப்பது பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை காணொளியில் வந்தவர் முக்கால் மணி நேரம் படங்களோடு உரையாற்றினார், நல்ல உரைதான், பிள்ளைகள் நெளிந்தார்கள். இரண்டாவது தடவை பிள்ளைகளின் கேள்விகளை ஒரு வாரம் முன்பே சேகரித்து அனுப்பினோம், உரையே வேண்டாம், பதில் மட்டும் போதும் என்றோம். முதல் கேள்வி, "அங்க நாய் வளர்ப்பீங்களா?" முன்பு சறுக்கு வண்டி இழுக்க நாய்கள் இருந்தன, அண்டார்டிகாவைக் காக்க நாடுகள் ஒப்புக்கொண்ட 1991 சுற்றுச்சூழல் நெறிமுறைக்குப் பிறகு 1994-க்குள் எல்லா நாய்களையும் அண்டார்டிகாவிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று அவர் சொன்னதும் வகுப்பு பிடித்துக்கொண்டது. ஏன் வெளியேற்ற வேண்டும், யார் முடிவு செய்வார்கள், அந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று போய், 1959-இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் உடன்படிக்கை வரை அவர்களே வந்துவிட்டார்கள். ஆழத்திலிருந்து துளையிட்டு எடுக்கும் பனித்தண்டில் அடைபட்ட காற்றுக்குமிழி வழியாக 8 லட்சம் ஆண்டுப் பழைய காற்றை அளக்கிறார்கள், அந்தக் காலம் முழுவதும் கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்துக்கு 300 பங்கு அளவைப் பெரிதாகத் தாண்டவில்லை, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது என்பதையும் அன்று அவர் சொன்னார். நாய்க் கேள்வி இல்லாவிட்டால் அதுவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நேரம்? கூடுதல் பாடவேளை ஒன்றுகூட எடுக்கவில்லை. அவரவர் பாடத்தை அவரவர் நடத்துகிறோம், ஒரே இரண்டு வாரத்துக்குள் வரும்படி வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டோம். அதற்குத் தலைமை ஆசிரியரின் சம்மதமும் வாரம் அரை மணி நேரப் பேச்சும் போதுமானதாக இருந்தன. ஐந்து பேர் வேண்டும் என்றும் இல்லை, இருவர் போதும், ஆனால் அந்த இருவரும் வெவ்வேறு பாடக்காரர்களாக இருக்கட்டும்.

சென்ற வாரம் அந்த மாணவி மறுபடி வந்தாள். வீட்டில் உப்புத் தண்ணீரில் பனிக்கட்டியை மிதக்கவிட்டுப் பார்த்திருக்கிறாள். மட்டம் கோட்டுக்கு ஒரு நூலளவு மேலே ஏறியிருக்கிறது. மிதக்கும் பனி மட்டத்தை மாற்றாது என்று நாங்கள் சொன்னது தவறா என்று கேட்டாள். அவள் பார்த்தது சரிதான். உப்புநீர் கனமானது, பனி உருகி வரும் நன்னீர் லேசானது, அதனால் விலக்கிய இடத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடம் அதற்கு வேண்டும், கடல்நீரில் அந்தக் கூடுதல் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை இரண்டாவது பாடவேளையில் கணக்கு ஆசிரியரும் நானும் சேர்ந்தே வகுப்புக்குப் போகிறோம், கடல்நீரின் அடர்த்தியை மட்டும் பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்வதாகத் திட்டம்.