புடையன் கடித்தால் கலத்துக்கு என்ன நடக்கிறது?

யாழ்ப்பாணத்தில் வயல் வேலை தொடங்கினால் பாம்புக்கடி நோயாளர்களும் வரத் தொடங்குவார்கள். சிலர் நேரே வருவதில்லை. காலில் இறுக்கிய கட்டு, கடிவாயில் விஷக்கல், "விடியட்டும் பார்ப்பம்" என்று யாரோ சொன்ன பேச்சு எல்லாம் முடிந்துதான் வார்டுக்கு வருகிறார்கள். அந்த மணித்தியாலங்களில் உடம்புக்குள் நடப்பது தெரிந்தால் யாரும் தாமதிக்க மாட்டார்கள்.

எங்கள் கலம் ஒவ்வொன்றையும் ஒரு மென்சவ்வு மூடியிருக்கிறது. தடிப்பு 5 நனோமீற்றர் அளவுதான். அதன் அடிப்படை பொஸ்போலிப்பிட்டு மூலக்கூறுகள். நீரை நாடும் ஒரு தலை, நீரை ஒதுக்கும் இரண்டு கொழுப்பமில வால்கள். வால்களை உள்ளே மறைத்து, இரண்டு அடுக்காகத் தாமாகவே ஒழுங்காகிவிடும்.

புடையனின் (கண்ணாடி விரியன் பாம்பின்) நஞ்சில் பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதியம் உண்டு. அது இந்த வால்களில் ஒன்றை வெட்டிவிடுகிறது. மிஞ்சும் ஒற்றை வால் மூலக்கூறு சவர்க்காரம் மாதிரி வேலை செய்து மென்சவ்வையே குலைக்கும். நொதியமோ தீர்ந்துபோகாமல் அடுத்ததை வெட்டப் போகும். தசைக்கலங்கள் உடைந்தால் சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் பழுதாகும். இலங்கைப் புடையன் கடித்தவர்களுக்கு இமை சரிவதும் இந்த வகை நொதியத்தால்தான். இரத்தம் உறையாமல் போவது நஞ்சின் வேறு கூறுகளால்.

கட்டுவிரியன் இன்னும் மோசம். இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம். விடிய வயிற்றுவலி, அப்புறம் கண் திறக்க முடியாது. அதன் நஞ்சிலும் இதே குடும்ப நொதியம் உண்டு. அது நரம்பு முனைகளை அழிக்கிறது.

விஷமுறிவு ஊசி இரத்தத்தில் ஓடும் நஞ்சைத்தான் பிடிக்கும். வெட்டுப்பட்ட மென்சவ்வை ஒட்டாது, அழிந்த நரம்பு முனையை மீட்காது. அது மீள வளரும்வரை நோயாளி நாட்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் கிடக்க நேரலாம். நான் நேரம், நேரம் என்று கத்துவது இதனால்தான்.

கடித்தவுடன் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். பாம்பைத் தேடி அடிக்கவும் வேண்டாம்; எட்ட நின்று படம் எடுக்க முடிந்தால் போதும். தன்னிடம் வருபவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பரிகாரிமாரும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி.

வார்டில் கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையாவிட்டால் ஊசி தொடங்கும். உறைந்தாலும், ஒரு குறியும் இல்லாவிட்டாலும், 24 மணித்தியாலம் எங்களோடு இருங்கள். இடையில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.